யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவது? கனடா ஹொக்கிப் பட்டியலை வாசிக்கும் முறை

2014 ஜனவரி 7. ஸ்கார்பரோவில் மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும் குளிர். நான் வேலை செய்த களஞ்சியத்தில் பதினொரு மணித் தேநீர் நேரம். சோச்சி ஒலிம்பிக்குக்கான கனடா ஐஸ் ஹொக்கி அணியைத் தொலைக்காட்சியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கிரிஸ் கியூனிட்ஸ் என்ற பெயர் வந்ததும் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். முந்தைய பருவத்தில் என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தொழில்முறை லீக் முழுவதிலும் அதிக புள்ளி (அடித்த கோலும் அடிக்க உதவிய கோலும் சேர்த்து) எடுத்த மார்ட்டான் சான் லூயி பட்டியலில் இல்லை. கிளோட் ஜிரூ இல்லை. ஜோ தோர்ன்டன் இல்லை. பிட்ஸ்பர்க்கில் கனடாவின் நட்சத்திரம் சிட்னி க்ரொஸ்பியின் பக்கத்தில் விளையாடுகிறார் என்பதற்காகவே ஒருவருக்கு ஒலிம்பிக் இடமா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

எதிரே இருந்தவர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்கு ஹொக்கி பார்க்கப் பழக்கியவரே அவர்தான். நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "சரி, யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவாய்? போட்டவர் எந்த லைனில், எந்தப் பக்கம் நிற்பார்?"

முதல் பாதிக்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாம் பாதிக்குப் பதில் என்னிடம் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து மகளின் பள்ளிக் கொப்பியில் ஒரு தாள் கிழித்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பட்டியலுக்கும் அப்படி ஒரு தாள் வைத்திருக்கிறேன். நம்முடைய பிள்ளைகள் இங்கே ஹொக்கி பார்த்து வளர்கிறார்கள், நாமும் அவர்களோடு சேர்ந்து கோபப்படுகிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நான் செய்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதிரைகளை எண்ணுங்கள்

சோச்சிக்குப் போன அணியில் 25 பேர். கோல்காப்பாளர் 3, டிஃபென்ஸ் 8, முன்வரிசை 14. ஓர் ஆட்டத்துக்கு உடை மாற்றி இறங்கக்கூடியவர்கள் 22 பேர்தான், மூவர் மேலே உட்கார்ந்து பார்ப்பார்கள். 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் மொத்தமே 23 பேர். எனவே முதலில் அந்தப் போட்டியில் எத்தனை இடம் என்று பாருங்கள். முன்வரிசையை மூன்று மூன்று பேராக நான்கு வரிகளில் எழுதுங்கள்: இடது விங், சென்டர், வலது விங். சேர்ந்து இறங்கும் அந்த மூவர்தான் ஒரு லைன். டிஃபென்ஸை இரண்டு இரண்டு பேராக எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டிவரும்.

விடுபட்டவர்களின் பெயர்களைத் தாளின் வலது ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரை உள்ளே கொண்டுவர ஓர் அம்புக்குறி போடலாம், ஆனால் அம்புக்குறி எங்கே முடிகிறதோ அங்கே இருக்கும் பெயரை அழித்தாக வேண்டும். இது ஒன்றுதான் சட்டம். இதைக் கடைப்பிடித்தாலே பாதிக் கோபம் இறங்கிவிடும். என்னுடைய முதல் தாளில் வலது ஓரத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. மனதார அழிக்க முடிந்தது இரண்டு பெயர்களை மட்டும்.

பெயரை எழுதுமுன் அவர் வரக்கூடியவரா என்றும் பாருங்கள். மே மாதத்து உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும்போது என்.எச்.எல். பட்டத்துக்கான ஸ்டான்லி கிண்ணப் போட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே மீதமிருக்கும் வீரர்கள் வர முடியாது. இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலும் இதே கதைதான். 2025இல் கொனர் பெடார்ட், மக்லின் செலப்ரினி இருவருக்கும் வயது பொருந்தியது, ஆனால் இருவரும் என்.எச்.எல்.லில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லை என்று தேர்வாளரைத் திட்டுவதில் பொருளில்லை.

எந்தக் கை என்று பாருங்கள்

இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது, பெண்கள் லீக்கில் டிஃபென்ஸ் விளையாடத் தொடங்கிய காலம். வீட்டு விறாந்தையில் என்னை நிற்கவைத்து, தும்புத்தடியைக் கையில் தந்து காட்டினாள்.

லெஃப்ட் ஷொட், ரைட் ஷொட் என்பது எழுதும் கையைக் குறிப்பதல்ல. உடம்பின் எந்தப் பக்கத்தில் ஸ்டிக்கின் தட்டு இருக்கிறது என்பதுதான். ரிங்க் எனும் ஐஸ் ஆடுகளத்தின் இடது பக்கம் நிற்கும் லெஃப்ட் ஷொட்காரருக்குத் தட்டு ஓரத்துப் பலகையை ஒட்டி இருக்கும். பலகையோரமாகச் சறுக்கி வரும் பக்கை (ஹொக்கியின் ரப்பர் வட்டு) உடம்பைத் திருப்பாமலே எடுத்து, அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அதே இடத்தில் ரைட் ஷொட்காரரை நிறுத்தினால் தட்டைப் புரட்டிப் பின்பக்கத்தால் எடுக்க வேண்டும். போகும் நேரம் அரை நொடிதான், ஆனால் அந்த அரை நொடிக்குள் எதிரணிக்காரர் வந்து இடித்துவிடுவார்.

சோச்சி டிஃபென்ஸை இந்தக் கண்ணால் திரும்பப் பார்த்தேன். இடதில் டங்கன் கீத், வலதில் ஷே வெபர். இடதில் மார்க்-எடுவார்ட் விளாசிக், வலதில் ட்ரூ டௌட்டி. இடதில் ஜே பௌமீஸ்டர், வலதில் அலெக்ஸ் பியெட்ராஞ்சலோ. மீதி இருவர் டான் ஹம்ஹூஸ், பி.கே. சுபான். இடது நான்கு, வலது நான்கு. பயிற்சியாளர் மைக் பாப்கொக் கணக்குப் போட்டே கேட்டு வாங்கியிருக்கிறார். ஹம்ஹூஸ் ஏன் என்று நான் கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே இருந்தது. அவருக்குப் பதிலாக நான் கொண்டுவர நினைத்தவர் ரைட் ஷொட்.

இதில் எனக்கு ஆறாத ஒன்றும் உண்டு. சுபான் அதற்கு முந்தைய ஆண்டுதான் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நொரிஸ் விருதை வென்றவர். சோச்சியில் அவர் இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில், ஒஸ்திரியாவுக்கு எதிராக. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கனடா அந்தப் போட்டி முழுவதிலும் ஆறு ஆட்டங்களில் மூன்று கோல்தான் விட்டுக்கொடுத்தது. அதற்குமேல் என் வாதம் எடுபடாது என்று தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

வேலையைப் பாருங்கள், புள்ளியைப் பிறகு பாருங்கள்

மகள் பதின்மூன்று வயதில் ஒரு தெரிவு அணிக்கு முயன்றாள், எடுபடவில்லை. காரில் அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் அந்தப் பயிற்சியாளரை அழைத்து, அவளைவிட அந்தப் பிள்ளை எதில் மேல் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "உங்கள் மகள் நன்றாக அடிக்கிறாள். எனக்கு இப்போது தேவை ஓர் ஆள் குறைவாக நிற்கும்போது பக்கை வெளியே எறியக்கூடிய ஒருத்தி" என்றார். மகளிடம் அதை அப்படியே சொன்னேன். அடுத்த குளிர்காலம் முழுக்க அதையே பழகினாள்.

நாட்டு அணியிலும் அதேதான். முதல் இரண்டு லைன்கள் கோல் அடிக்க. மூன்றாவதும் நான்காவதும் எதிரணியின் நல்ல லைனைக் கட்டிப்போட, நம் ஆள் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும் பெனால்டி நேரத்தில் நிற்க, ஆட்டம் தொடங்க நடுவர் பக்கைப் போடும் முக்கியமான பக்-டிராப்பை வெல்ல. 2010இல் பட்ரிஸ் பெர்ஜெரொன் பெயரைப் பார்த்து, அந்தப் பருவத்தில் 51 கோல் அடிக்கப்போகும் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் வெளியே, இவர் உள்ளேயா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பெர்ஜெரொனை எடுத்தது கோலுக்கு அல்ல. நான்கு ஆண்டு கழித்து சோச்சியில் அவரே க்ரொஸ்பியின் வலப்பக்கம் நின்றார்.

எனவே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரே சொல்லில் வேலையை எழுதுங்கள்: பவர் பிளே (எதிரணி ஓர் ஆள் குறைவாக நிற்கும் நேரம்), பெனால்டி, டிராப், வேகம், இன்னாரின் கூட்டாளி. ஒரு பெயருக்கு வேலை எழுத வரவில்லையென்றால் அங்கே கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி விழுந்த பெயரைப் பற்றித்தான் கோபப்பட வேண்டும். ஓர் அணிக்கு ஒன்று, கூடினால் இரண்டு விழும்.

ரிங்க்கின் அளவையும் தாளின் மேலே குறித்துக்கொள்ளுங்கள். என்.எச்.எல். ரிங்க் ஏறக்குறைய 26 மீற்றர் அகலம். 2006 ஒலிம்பிக் நடந்த டூரினிலும் சோச்சியிலும் 30 மீற்றர். வன்கூவரில் நம் வழக்கமான அளவு. அந்த நான்கு மீற்றரில் கனமான, மெதுவான வீரர்கள் தொலைந்துபோவார்கள்.

பட்டியலின் பிழையா, பெஞ்சின் பிழையா?

1998 பெப்ரவரி, நாகானோ. என்.எச்.எல். வீரர்கள் ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் தடவை. நான் கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். இரவு வேலை. செக் நாட்டோடு அரையிறுதி ரொறன்ரோ நேரத்தில் நள்ளிரவு கடந்துதான் தொடங்கியது. மேற்பார்வையாளர் தொலைக்காட்சியைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவர விட்டார். அதுதான் நான் முழுதாகப் பார்த்த முதல் ஹொக்கி ஆட்டம்.

அதற்கு முந்தைய வாரங்களில் அந்த அறையில் எல்லோரும் பேசியது இரண்டு பெயர்களைப் பற்றி. ஆறு ஸ்டான்லி கிண்ணம் வென்ற மார்க் மெஸ்ஸியரை விட்டுவிட்டு, தம்பா பேயில் ஆடிய றொப் ஸமுனரை எடுத்திருந்தார் பொறுப்பாளர் பொபி கிளார்க். எனக்கு அந்த இருவரையும் தெரியாது, ஆனாலும் கோபத்தில் சேர்ந்துகொண்டேன்.

ஆட்டம் 1-1. கடைசி நிமிடங்களில் ட்ரெவர் லிண்டன் சமன் செய்தபோது யாரோ என்னைத் தூக்கிவிட்டார்கள். பிறகு ஷூட்அவுட்: ஒவ்வொருவராகப் போய்க் கோல்காப்பாளரைத் தனியே எதிர்கொள்வது. செக் பக்கம் றொபேர்ட் ரைஹல் ஒன்று போட்டார். நம் பக்கம் ஐந்து பேர் போனார்கள், ஐந்தையும் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். அந்த ஐந்து பேரில் ஹொக்கியின் மிகப் பெரிய பெயரான வெய்ன் கிரெட்ஸ்கி இல்லை. டிஃபென்ஸ்காரரான ரே போர்க் இருந்தார். கிரெட்ஸ்கி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனிதர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இப்போது தாளை எடுத்துப் பாருங்கள். ஸமுனரா தோற்கடித்தார்? இல்லை. போல் காரியா தலையில் அடிபட்டு வரவே இல்லை. ஜோ சாகிக் காலிறுதியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஐந்து பேரைத் தெரிவு செய்தது பயிற்சியாளர் மார்க் க்ரோஃபர்ட். பட்டியல் எழுதியவரின் பிழையும் பெஞ்சில் நின்றவரின் பிழையும் வேறு வேறு. காயம் யாருடைய பிழையும் அல்ல. தோற்ற இரவில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். தாளின் பின்பக்கத்தை மூன்று நிரலாகப் பிரித்து, ஒவ்வொரு குறையையும் உரிய நிரலில் எழுதுங்கள்.

கோபம் நியாயமான இடங்கள்

இவ்வளவும் சொன்னதால் தேர்வாளர்கள் எப்போதும் சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு பட்டியல்கள் இன்றும் எனக்கு வலிக்கும்.

2006 டூரின். க்ரொஸ்பிக்கு 18 வயது, முதல் பருவம், அதை 102 புள்ளிகளோடு முடிக்கப்போகிறவர். எடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் 100 புள்ளி எடுத்த எரிக் ஸ்டாலும் 90 புள்ளி எடுத்த ஜேசன் ஸ்பெட்ஸாவும் முதல் பட்டியலில் இல்லை. க்ரிஸ் ட்ரேப்பர் இருந்தார், டொட் பெர்டூஸி இருந்தார். 2002இல் சோல்ட் லேக்கில் ஐம்பது ஆண்டுக்குப் பிறகு தங்கம் கொண்டுவந்த வீரர்கள் பலர், அதே பொறுப்பாளர் கிரெட்ஸ்கி, அதே பயிற்சியாளர் பட் க்வின். நன்றி மறக்காமல் இருப்பது நல்ல குணம்தான், ஆனால் நான்கு வருடம் வயது கூடியிருந்தது, ரிங்க் அகலமாக இருந்தது. ஸ்விட்சர்லாந்திடம் 0-2. பின்லாந்திடம் 0-2. காலிறுதியில் ரஷ்யாவிடம் 0-2. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. அந்தக் காலிறுதியில் ரஷ்யாவின் முதல் கோலை அடித்தவர் அலெக்சாண்டர் ஒவெச்கின். அவரும் அந்த ஆண்டுதான் என்.எச்.எல்.லுக்கு வந்தவர், வயது 20. அவர்கள் தங்கள் பிள்ளையை நம்பிக் கூட்டிவந்தார்கள். நாம் நம் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.

பெர்டூஸி விஷயம் வேறு நிரல். 2004 மார்ச்சில் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தாக்கி வீழ்த்தியவர். மூர் அதன்பிறகு என்.எச்.எல்.லில் விளையாடவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு நாட்டின் சட்டையைக் கொடுக்கலாமா என்பது ஹொக்கிக் கேள்வி அல்ல, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் புள்ளிக் கணக்கோடு கலக்காமல் தனியே கேளுங்கள். கொடுத்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

இரண்டாவது, ஒட்டாவாவில் நடந்த 2025 இளையோர் உலகப் போட்டி. அதற்கு முந்தைய பருவத்தில் டிஃபென்ஸில் இருந்துகொண்டே ஒன்றாரியோ இளையோர் லீக்கில் 33 கோல் அடித்த ஸெய்ன் பரெக் இல்லை. 2024 டிராஃப்டில் (என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நாள்) மூன்றாவதாகப் போன பெக்கெட் சென்னெக்கி இல்லை. மைக்கல் மிசா இல்லை. ஒட்டாவா அணியே ஏழாவதாகத் தெரிவு செய்த கார்ட்டர் யாக்கெம்சக் அந்த ஊரில் நடந்த போட்டியிலேயே இல்லை. பட்டியல் வந்த நாளிலேயே நானும் மகளும் வேலையை எழுதிப் பார்த்தோம். உழைப்பு, மோதல், தடுப்பு என்று எழுத எழுத வந்தது. கோல் யார் அடிப்பார் என்ற இடத்தில் கேள்விக்குறிகள் குவிந்தன. லட்வியாவிடம் ஷூட்அவுட்டில் தோற்றோம். அமெரிக்காவிடம் 1-4. காலிறுதியில் ஒரு நிமிடம்கூட மீதமில்லாத நேரத்தில் செக் அணி அடித்த கோலால் 3-4. ஐந்து ஆட்டத்தில் 13 கோல். தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகக் காலிறுதியோடு வீடு.

இரண்டு தோல்விக்கும் ஒரே வேர் என்று நினைக்கிறேன். தோற்றுவிடக் கூடாது என்ற பயத்தில் எழுதிய பட்டியல்கள் அவை. கட்டிப்போடுகிறவர்கள் எட்டுப் பேர் இருக்கும்போது ஒன்பதாவதாக இன்னொருவரைச் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் தாளில் "தடுப்பு" என்ற சொல் "கோல்" என்ற சொல்லைவிட அதிகமாக வந்தால், அன்றே எழுந்து பேசுங்கள்.

பேசும்போது ஒன்று. இளையோர் போட்டியில் ஆடுகிறவர்கள் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். தங்களைத் தாங்களே தெரிவு செய்தவர்கள் அல்ல. அவர்களுக்கு வசைச் செய்தி அனுப்புகிற பெரியவர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் கேள்வி பட்டியலில் கையெழுத்திட்டவருக்குப் போகட்டும்.

நாள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்

தாளின் அடியில் இரண்டு வரி எழுதி, தேதி போடுங்கள்: யாரை எடுத்துவிட்டு யாரைப் போடுவேன், ஏன். முதல் ஆட்டம் தொடங்கும்வரை அழிக்காதீர்கள், ஏனென்றால் பட்டியல் மாறும். 2014இல் கால் முறிந்திருந்த ஸ்டாம்கோஸ் நேரத்துக்குக் குணமாகவில்லை, கடைசியில் சான் லூயியையே கூப்பிட்டார்கள். முதலில் அவரை விட்ட கனடா அணிப் பொறுப்பாளர் ஸ்டீவ் ஐஸர்மன் அப்போது தம்பா பேயில் அவருடைய மனேஜரும்கூட. ஒரு மாதத்துக்குள் சான் லூயி அணி மாறி நியூயோர்க் போய்விட்டார். பட்டியல் ஒரு மனிதரை எவ்வளவு காயப்படுத்தும் என்று அன்றுதான் விளங்கியது.

போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துத் தாளை எடுத்து வாசியுங்கள். 2014 பெப்ரவரி 23, ஞாயிறு, காலை ஏழு மணிக்கு இறுதியாட்டம். வீட்டில் இடியப்பமும் சொதியும். சுவீடனுக்கு எதிராக முதல் கோல் ஜொனதன் டேவ்ஸ், இரண்டாவது க்ரொஸ்பி, மூன்றாவது கிரிஸ் கியூனிட்ஸ். 3-0, தங்கம். கியூனிட்ஸ் அடித்ததும் மகள் என் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். 2025 பெப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டிக்கு ஜோர்டன் பின்னிங்டனைக் கோல்காப்பாளராக எடுத்தபோது சிவப்பு மையால் கோடு போட்டேன். பொஸ்டனில் இறுதியாட்டம் ஓவர்டைமுக்குப் போனது, அந்த ஓவர்டைமில் அமெரிக்கர்கள் அடித்ததையெல்லாம் அவர் தடுத்தார், கொனர் மக்டேவிட் அடித்து முடித்தார். அந்தத் தாளும் அதே காந்தத்துக்குக் கீழ் போனது.

2006ஆம் ஆண்டுக்குத் தாள் இல்லை, அப்போது இந்தப் பழக்கம் எனக்கு இல்லை. ஒட்டாவாத் தாள் இருக்கிறது. பரெக் உள்ளே என்று மகள் போட்ட அம்புக்குறிக்கு நேரே ஒரு பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில் வேலையும் எழுதியிருக்கிறது: பவர் பிளே, ரைட் ஷொட். நியூஃபவுண்ட்லாந்துக்காரர் இப்போது ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம். அவர் திருப்பிக் கேட்டது: "எந்த லைனில்?" மகள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.